வைக்கோலில் பிறந்த கொப்பி: வாழைச்சேனை கடதாசி ஆலையைத் தேடிப் போன ஒரு நாள்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

2022 மார்ச் மாதத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அச்சிடக் கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். கடதாசி இறக்குமதி செய்ய நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. இங்கே நாங்களும் ஏ-4 தாளை இரண்டாகக் கிழித்துத்தான் வினாத்தாள் தயாரித்தோம். முடியாத வகுப்புகளுக்குக் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம்.

அப்போது பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர் கேட்டார்: “சேர், இந்தக் கடதாசிய நம்மட நாட்டிலயே செய்யேலாதா?”

“செய்தோமே. இங்கிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர் தூரத்தில்தான்” என்றோம்.

“எங்க சேர்?”

“வாழைச்சேனையில்.”

வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை விட வெட்கமான விடயம் ஒன்று உண்டு. பதில் சொன்ன நாங்களும் அந்த ஆலையைக் கண்ணால் கண்டதில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை ஒரு வரியாகவே சொல்லிக் கொடுத்திருந்தோம். அன்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்ட பயணம் கடந்த விடுமுறையில்தான் கைகூடியது.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். மூவர் மருதமுனைப் பக்கம், இருவர் களுவாஞ்சிக்குடி. எல்லோரும் முப்பதுகளில் இருப்பவர்கள். ஒரு வானைப் பேசிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம்.

பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம் தாண்டித் தாழங்குடா வந்தது. எங்களில் இருவர் படித்து வெளியேறிய கல்வியியற் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. படித்த காலத்தில் கூட மட்டக்களப்பு நகரத்துக்கு அப்பால் வடக்கே போனதில்லை என்று இருவருமே சொன்னார்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பிறந்த எங்களுக்கு அது அதிசயமல்ல. நாங்கள் வளர்ந்த காலத்தில் பயணம் என்றால் சோதனைச்சாவடி, இறங்கி நடப்பது, அடையாள அட்டை, இருட்டுமுன் வீடு திரும்புவது. தேவை இல்லாமல் யாரும் ஊர் தாண்டவில்லை. அந்தப் பழக்கம் யுத்தம் முடிந்த பிறகும் எங்களை விடவில்லை. கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் சுற்றுலா போகிறோம். பக்கத்து ஊரைப் பார்க்கப் போவதில்லை.

காத்தான்குடியைக் கடக்கும்போது வானுக்குள் பேச்சுக் குறைந்தது. 1990 ஆகஸ்ட் 3, இஷாத் தொழுகை நேரம். கல்லடிப் பாலம் தாண்டி, நகரம் தாண்டி, சத்துருக்கொண்டான். அதே 1990 செப்டம்பர் 9. அடுத்து ஏறாவூர். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 நள்ளிரவும் 12 அதிகாலையும். பிறகு வந்தாறுமூலை. செப்டம்பர் 5, பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போன நாள். ஒரே வீதியில், ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள், ஏறக்குறைய ஐந்து வாரங்களில் நடந்தவை. கொல்லப்பட்டவர்கள் ஓரிடத்தில் முஸ்லிம்கள், இன்னோரிடத்தில் தமிழர்கள். அந்த வானுக்குள்ளும் இரண்டு சமூகமும் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. இந்த வீதியைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு ஆலையை மட்டும் எழுத முடியாது. அதனால்தான் குறிப்பிடுகிறோம்.

கிரான் தாண்டியதும் வாழைச்சேனை. ஆலை வளாகத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி எடுத்திருக்கவில்லை. ஆகவே வெளியே நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறோம். மரங்களுக்கு மேலாகத் தெரியும் பெரிய கூரைகள், நீண்ட மதில், ஆள் நடமாட்டம் குறைந்த பாதை. ஊர்ச் சனம் இன்றும் அதைப் ‘பேப்பர் பெக்டரி’ என்றுதான் சொல்கிறது. கடையில் வழி கேட்டபோது பதினைந்து வயதுப் பொடியன் கூட அப்படித்தான் காட்டினான். அவன் பிறந்த காலத்தில் அந்த ஆலை ஒழுங்காக ஓடவில்லை. பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

சுதந்திரம் கிடைத்தபோது இலங்கையிடம் இருந்தவை தேயிலை, றப்பர், தெங்கு. எழுதும் தாளிலிருந்து சீமெந்து வரை பெரும்பாலான தொழிற்சாலைப் பொருட்கள் கப்பலில் வந்தன. 1948 முதல் 1953 வரை கைத்தொழில், கைத்தொழில் ஆராய்ச்சி, கடற்றொழில் அமைச்சராக இருந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். அவருடைய காலத்தோடு மூன்று ஆலைகளின் பெயர்கள் சேர்த்துப் பேசப்படுகின்றன: காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனை கடதாசி. காங்கேசன்துறை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. வாழைச்சேனையில் 1956இல் கடதாசி வரத் தொடங்கியது. அடுத்து வந்த அரசாங்கம் 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க அரச கைத்தொழில் கூட்டுத்தாபனச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இப்படியான ஆலைகள் கூட்டுத்தாபனங்களாக மாறிய காலம் அது.

வாழைச்சேனையை ஏன் தெரிவு செய்தார்கள்? இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கிறது. கடதாசி செய்ய நார் வேண்டும், தண்ணீர் வேண்டும், போக்குவரத்து வேண்டும். மட்டக்களப்பு, பொலன்னறுவை மாவட்டங்களின் வயல்கள் வைக்கோலைத் தந்தன. இலுக்குப் புல்லும் பயன்பட்டது. ஊருக்கு நடுவாலேயே கொழும்புக்குப் போகும் ரயில் பாதை ஓடுகிறது. பழைய ஓட்டமாவடிப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே தளத்தில் மாறி மாறிப் போனதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

வைக்கோல் எப்படித் தாளாகிறது? எங்களுக்கே தெளிவாகத் தெரியாமல் இருந்தது. படித்து விளங்கிக்கொண்டதைச் சொல்கிறோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

முதலில் வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டித் தூசியைப் போக்குகிறார்கள். பெரிய கொதிகலனில் கோஸ்டிக் சோடாக் கரைசலோடு போட்டு நீராவி அழுத்தத்தில் அவிக்கிறார்கள். வைக்கோலை விறைப்பாக வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் கரைந்துபோக, நார் மிஞ்சுகிறது. அதைக் கழுவி, குளோரீன் கொண்டு வெளுத்து, அடித்துக் கூழாக்குகிறார்கள். வைக்கோல் நார் குட்டையானது. அதை மட்டும் வைத்துச் செய்தால் தாள் இலகுவில் கிழியும். ஆகவே நீண்ட நார் கொண்ட மரக்கூழையும் சேர்க்க வேண்டும். அந்தக் கூழைத் தண்ணீரோடு கலந்து, ஓடும் கம்பி வலையில் மெல்லியதாகப் பரப்புவார்கள். தண்ணீர் கீழே வடியும். மேலே நிற்பது ஈரத் தாள். உருளைகளுக்கு நடுவே பிழிந்து, சூடான உருளைகளில் சுற்றிக் காயவைத்தால் கடதாசி.

கோஸ்டிக் சோடாவும் குளோரீனும் எங்கிருந்து வரும்? இங்கேதான் அந்தக் காலத் திட்டத்தின் அழகு தெரிகிறது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பு பரந்தனுக்குப் போகும். அங்கே உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் கோஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரீன். கடதாசி ஆலைக்குத் தேவையான இரண்டும் அவைதான். வன்னிக் கடலோரத்து உப்பும் மட்டக்களப்பு வயலின் வைக்கோலும் சந்தித்த இடம் வாழைச்சேனை. அங்கிருந்து புறப்பட்ட தாள் நாடு முழுவதும் போனது. வடக்கையும் கிழக்கையும் தெற்கையும் பொருளாதாரத்தால் முடிச்சுப் போட்ட கயிறுகளில் ஒன்று அது. அந்தக் கயிற்றின் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவையும் தளரும். பின்னர் நடந்தது அதுதான்.

சொல் ஆராய்ச்சியும் கொஞ்சம். நாங்கள் பேசும் ‘கடதாசி’ போர்த்துக்கேயரின் ‘கார்தாஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. அந்தப் போர்த்துக்கேயச் சொல்லுக்கு மூலம் அரபு ‘கிர்தாஸ்’ என்பது அறிஞர் பலரின் கருத்து. அல்குர்ஆனில் அல்அன்ஆம் அத்தியாயத்தில் வரும் அதே சொல். ‘காகிதம்’ பாரசீக ‘காகஸ்’ வழி வந்தது. கடையில் ‘ஒரு ரீம் பேப்பர்’ என்று கேட்கிறோமே, அந்த ரீமும் கட்டு என்ற பொருள் தரும் அரபு ‘ரிஸ்மா’தான், ஸ்பெயின் வழியாக ஐரோப்பா போய்த் திரும்பி வந்திருக்கிறது. சீனர் கண்டுபிடித்த கடதாசி 8ஆம் நூற்றாண்டில் சமர்கந்து வழியாகப் பக்தாதை அடைந்து, அங்கிருந்து மேற்கே போனது. ஒரு பொருள் கைமாறிய பாதையைச் சொற்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன.

வைக்கோல் கடதாசியும் புதுமையல்ல. 1800ஆம் ஆண்டில் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் வைக்கோலில் செய்த தாளிலேயே ஒரு புத்தகத்தை அச்சிட்டுக் காட்டினார். பெரிய ஆலையும் கட்டினார். சில ஆண்டுகளிலேயே கடனில் மூழ்கி ஆலை விற்கப்பட்டது. நல்ல யோசனை மட்டும் ஓர் ஆலையை ஓட்டாது என்பதற்கு அது பழைய சாட்சி.

மத்தியானம் ஒரு தேத்தண்ணிக் கடையில் இரண்டு பெரியவர்களைச் சந்தித்தோம். ஒருவர் வாழைச்சேனைத் தமிழர், மற்றவர் ஓட்டமாவடி முஸ்லிம். இருவரும் ஆலையில் ஒரே முறையில் வேலை செய்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்றார்கள்.

“சங்கு ஊதினா ஊரே நேரம் பாக்கும் தம்பி. எங்கட வீட்டில மணிக்கூடு இல்ல, பெக்டரிச் சங்குதான்” என்றார் ஒருவர். அறுவடை முடிந்தால் வைக்கோல் ஏற்றிய வண்டிகளும் உழவு இயந்திரங்களும் வரிசையாக நிற்குமாம். கூழ் அவிக்கும் மணம் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வருமாம். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டோம். ஒருவர் சைக்கிள் என்றார். மற்றவர் உம்மாவுக்குச் சேலை என்றார். “மருதமுனைச் சேலை” என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்களில் மூவருக்கு அதைக் கேட்க மனம் நிறைந்தது.

பிறகு 1990 பற்றிக் கேட்டோம். கேட்கலாமா என்று தயங்கித்தான் கேட்டோம். தமிழ்ப் பெரியவர் சொன்னார்: “ஓட வேண்டி வந்திச்சி. சைக்கிளக் கொண்டு போக ஏலாது. இவன்ட வீட்டில விட்டுட்டுப் போனன். ரெண்டு வருசம் கழிச்சி வந்தன். டயர் ரெண்டும் உக்கிப் போயிருந்திச்சி. ஆனா செயினுக்கு எண்ணெய் போட்டு வெச்சிருந்தான்.”

மற்றவர் ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க எழுந்து போனார். நாங்கள் கொடுக்க விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் அவர்தான் கொடுத்தார்.

ஆலை ஏன் விழுந்தது? யுத்தம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது இலகு. அது பெரிய காரணம்தான். பரந்தனும் ஆனையிறவும் போர்க்களங்களாயின. காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990இல் நின்றது. வைக்கோல் வரும் பாதைகள் மூடப்பட்டன. வேலையாட்கள் இடம்பெயர்ந்தனர். ஆனால் யுத்தத்துக்கு முன்பே தளர்ச்சி தொடங்கிவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் வெளிநாட்டுக் கடதாசி மலிவாக வந்தது. பெரிய நாடுகளின் இயந்திரங்கள் வேகமானவை. எங்களுடையவை ஐம்பதுகளின் இயந்திரங்கள். எம்பிலிப்பிட்டியவில் இரண்டாவதாகக் கட்டப்பட்ட ஆலை யுத்த பூமியில் இருக்கவில்லை. அதுவும் நிலைக்கவில்லை. ஆகவே முழுப் பழியையும் யுத்தத்தின் தலையில் போட முடியாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வைக்கோல் அவித்த கறுப்புத் தண்ணீர் எங்கே போனது? வாழைச்சேனை வாவிக்குத்தான். மர ஆலைகளில் அந்தக் கழிவுநீரைச் சுண்டவைத்து எரித்து, சோடாவைத் திரும்ப எடுப்பார்கள். வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது குழாய்களிலும் கொதிகலன்களிலும் படிந்து அந்த வேலையைக் கெடுக்கும். அதனால் உலகெங்கும் சிறிய வைக்கோல் ஆலைகள் கழிவை ஆற்றிலும் வாவியிலும் விட்டன. வாவியில் வலை வீசியவனுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆலையில் சம்பளம் எடுத்தவனின் கதையை மட்டும் கேட்டால் அது முழு வரலாறாகாது.

அப்படியானால் விவசாயக் கழிவில் கடதாசி செய்வதே முடியாத காரியமா? இல்லை. தமிழ்நாட்டில் கரூர்ப் பக்கம் புகளூரில் 1979இல் தொடங்கப்பட்ட அரச நிறுவனம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்து எண்பதுகளின் நடுவிலிருந்து கடதாசி செய்கிறது. ஆலை இருக்கும் ஊருக்கே காகிதபுரம் என்று பெயர். சீனி ஆலைகளோடு ஒப்பந்தம் செய்து, அவர்களுக்கு நீராவியோ எரிபொருளோ கொடுத்துச் சக்கையை வாங்குகிறார்கள். சக்கையில் வைக்கோலை விடச் சிலிக்கா குறைவு. இயந்திரங்களைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்தார்கள். அமைதியான மாநிலத்தில் இருந்தது. ஒரே யோசனை, இரண்டு முடிவுகள். வித்தியாசம் எங்கே என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல வகுப்பு ஒன்று நடக்கும்.

யுத்தம் முடிந்தபின் வாழைச்சேனையில் கழிவுக் கடதாசியைக் கொண்டு உற்பத்தி செய்யும் முயற்சிகள் நடந்தன. சம்பளம் கிடைக்கவில்லை என்று தொழிலாளர்கள் வீதிக்கு இறங்கிய காலமும் வந்தது. 2021இல் மீண்டும் இயக்கினார்கள். அடுத்த ஆண்டுதான் நாடே கடதாசிக்குத் தவித்தது. பழைய கொள்ளளவில் அந்த ஆலை ஓடிக்கொண்டிருந்தால் பரீட்சை ஒத்திப்போயிருக்காது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. மரக்கூழுக்கும் உதிரிப்பாகத்துக்கும் கூட டொலர் தேவைதான். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். எங்கள் மாவட்டத்தில் கடதாசி செய்யத் தெரிந்த கைகள் ஒரு தலைமுறை இருந்தன. அந்தக் கைகளிடமிருந்து அடுத்த தலைமுறை கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது பொழுது பட்டுவிட்டது. களுவாஞ்சிக்குடியை நெருங்கும்போது வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. அறுவடை முடிந்த வயலில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது வண்டியேறி வாழைச்சேனைக்குப் போயிருக்கும். கொப்பியாகத் திரும்பி வந்திருக்கவும் கூடும். வானில் இருந்த கணித ஆசிரியர் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இப்போது நாங்கள் ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தோம். தங்கள் குடும்பத்தில் அல்லது அயலில், இந்தப் பிரதேசத்தின் ஏதாவது ஒரு ஆலையிலோ தறியிலோ வாடியிலோ வேலை செய்த ஒரு பெரியவரைத் தேடிப் பேச வேண்டும். என்ன வேலை, எந்த நேரம், என்ன கூலி, பக்கத்தில் நின்று வேலை செய்தவர் யார் என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் முக்கியமாகக் கேட்கச் சொன்னோம். பக்கத்தில் நின்றவர் பெரும்பாலும் வேறு ஊர், சில வேளை வேறு சமூகம். 1990ஐப் பற்றி எங்கள் பிள்ளைகள் எப்படியும் கேள்விப்படுவார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் காற்றில் வந்து சேரும். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்ட கதை அப்படித் தானாக வந்து சேராது. அதை யாராவது போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு.

இந்த ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. உங்கள் வாப்பா, அப்பா, மாமா, மூத்தவாப்பா, அம்மப்பா யாராவது அங்கே வேலை செய்திருந்தால், வைக்கோல் ஏற்றிப் போயிருந்தால், அங்கே செய்த தாளில் எழுதிய பழைய கொப்பி வீட்டில் கிடந்தால், எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பிள்ளைகளை அனுப்புகிறோம். நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் அதையும் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம்.

அடுத்த முறை முறையாக அனுமதி எடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக எண்ணம், இன்ஷா அல்லாஹ். அந்தக் கேள்வி கேட்ட பிள்ளை இப்போது பாடசாலை விட்டுப் போய்விட்டார். அவருக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறோம்.